பைடனுக்குப் பதிலாக வேறு வேட்பாளரை ஜனநாயகக் கட்சி முன்பே நிறுத்தியிருக்க முடியாதா?

கேள்வி கேட்ட நீங்கள் இந்தியாவில் இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். மேலிடம் நினைத்தால் ஒரே ராத்திரியில் முதலமைச்சரையே மாற்றுவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அமெரிக்க நடைமுறை விளங்காது. பைடன் போட்டியிலிருந்து விலகி அவர் இடத்துக்குக் கமலா ஹாரிஸ் வந்த 2024 ஜூலையில் மன்னார்குடியிலிருந்து என் சித்தப்பாவும் போன் போட்டு இதையேதான் கேட்டார். ஹாரிஸின் தாத்தா பிறந்த துளசேந்திரபுரம் அவருக்குப் பக்கத்து ஊர், அதனால் ஒரே உற்சாகம். "இதை ஆறு மாசம் முன்னாடியே செஞ்சிருக்கக் கூடாதா? நீங்கள்லாம் அங்க என்னப்பா பண்ணிக்கிட்டு இருந்தீங்க?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆறு மாதம் முன்னால்தான் பைடன் பெயரை என் கையாலேயே எழுதி ஓட்டுப் போட்டிருந்தேன்.

நான் இருப்பது நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் நாஷுவாவில். கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி தேர்தல் இங்கே 2024 ஜனவரி 23 அன்று நடந்தது. தெற்கு கரோலினாவில்தான் முதலில் நடக்க வேண்டும் என்று கட்சி அட்டவணையை மாற்றியிருந்தது. நாங்கள்தான் முதலில் என்பது எங்கள் மாநிலச் சட்டம். அந்தத் தகராறில் பைடன் இங்கே பெயரே கொடுக்கவில்லை. அவருக்குப் போட வேண்டுமானால் சீட்டில் கையால் எழுத வேண்டும்.

அமெரிக்க அதிபர் விஷயத்தில் அதுதான் என் முதல் ஓட்டு. 2003-ல் வந்தவன், 2021-ல்தான் குடியுரிமை வாங்கினேன். அதற்கு முன் கிரீன் கார்டு வாங்க வேண்டும். ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு, வேலை வழியாகத் தரும் கிரீன் கார்டில் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்று ஒரு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். என்னோடு ஒரே வேலை பார்த்த, நேபாளத்தில் பிறந்த நண்பர் இரண்டு வருடத்தில் வாங்கிவிட்டார். நான் இந்தியாவில் பிறந்ததால் வருடக்கணக்கில் வரிசையில் நின்றேன். வரி மட்டும் முதல் மாதத்திலிருந்தே பிடித்தார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் அந்த ஓட்டு எனக்கு எவ்வளவு பெரியது என்று தெரிய வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பைடனுக்கு வயது 81, வேறு யாருக்காவது போடலாம் என்றுதான் போனேன். சீட்டில் 21 பெயர்கள். கலிபோர்னியா கவர்னர் நியூசம் இல்லை, மிச்சிகன் கவர்னர் விட்மர் இல்லை. கொஞ்சம் தெரிந்த பெயர் மினசோட்டா எம்.பி. டீன் பிலிப்ஸ். அவரும் 2023 அக்டோபர் 27 அன்று, இங்கே மனுத் தாக்கலின் கடைசி நாளில் வந்தவர். அதற்குள் நெவாடாவில் கெடுவே முடிந்துவிட்டது. புளோரிடாவில் கட்சி பைடன் பெயரை மட்டும் கொடுத்ததால் அங்கே பிரைமரியே நடக்கவில்லை. பேனாவோடு கொஞ்ச நேரம் நின்றேன். நாட்டையே நடத்த இவர்களில் யாரை நம்புவது? பைடன் என்று எழுதிவிட்டேன். கோழைத்தனம் என்று யாராவது சொல்லலாம். அங்கே நின்று பார்த்தால் தெரியும்.

பெரிய தலைகள் ஏன் வரவில்லை? பழைய அனுபவம்தான். 1976-ல் அதிபராக இருந்த ஜெரால்ட் போர்டை அவர் கட்சிக்காரரான ரீகனே எதிர்த்தார், வேட்பாளரை முடிவு செய்யும் கட்சி மாநாட்டில் 1187-க்கு 1070 என்று தோற்றார், நவம்பர் பொதுத்தேர்தலில் போர்டும் தோற்றார். 1980-ல் அதிபர் கார்ட்டரை எதிர்த்து அவர் கட்சி செனட்டர் டெட் கென்னடி பல மாநிலங்களில் ஜெயித்தார். ஆனால் பிரைமரி முடிவை வைத்து மாநாட்டில் ஓட்டுப் போடும் பிரதிநிதிகள் பெரும்பாலும் கார்ட்டர் பக்கம். பிரைமரி முடிவுக்குக் கட்டுப்பட வேண்டும் என்ற விதியிலிருந்து அவர்களை விடுவிக்கச் சொல்லி நியூயார்க் மாநாட்டில் கென்னடி தரப்பு கொண்டுவந்த முயற்சி 1390-க்கு 1936 என்று விழுந்தது. பொதுத்தேர்தலில் கார்ட்டருக்குக் கிடைத்தது தலைநகரும் 6 மாநிலங்களும் மட்டுமே. கட்சியைக் கெடுத்தவர் என்ற பழியை யார் சுமப்பார்கள்?

1968-ஐச் சொல்லி ஒருவர் பின்னூட்டத்தில் வருவார் என்று தெரியும். அப்போதும் எங்கள் மாநிலம்தான். அதிபராக இருந்த ஜான்சன் பெயரும் சீட்டில் இல்லை, ஜனங்கள் எழுதித்தான் போட்டார்கள். அவருக்கு 49 சதவீதம், அவரை எதிர்த்து நின்ற அதே கட்சி செனட்டர் மெக்கார்த்திக்கு 42. மார்ச் 31-ல் ஜான்சன் ஒதுங்கினார். அவராகத்தான் ஒதுங்கினார், யாரும் நீக்கவில்லை.

2024-லும் அதே கதை. ட்ரம்புடன் நடந்த ஜூன் 27 விவாதத்தில் பைடன் தடுமாறியபோது 3,900 பிரதிநிதிகள் அவர் பக்கம் இருந்தார்கள். மனசாட்சிப்படி வாக்களிக்கலாம் என்று விதியில் ஒரு வரி உண்டு. ஆனால் அவர்கள் அவர் தரப்பே பார்த்துச் சம்மதித்த ஆட்கள். தலைவர்கள் கெஞ்சலாம், நன்கொடையாளர்கள் மிரட்டலாம், ஜூலை 21 அன்று விலகியது அவர்தான். பிரசாரக் கணக்கில் இருந்த ஒன்பது கோடி டாலருக்கு மேலான பணமும் பைடன், ஹாரிஸ் இருவர் பெயரிலும் இருந்ததால்தான் ஹாரிஸுக்கு அப்படியே போனது. வேறொருவர் என்றால் அதிலும் சிக்கல். இதைச் சொல்வதால் என்னை ட்ரம்ப் ஆள் என்று நினைக்க வேண்டாம், நவம்பரில் ஹாரிஸுக்குத்தான் போட்டேன்.

உண்மையில் ஒரு இடைவெளி இருந்தது. அதிபரின் பதவிக்காலத்துக்கு நடுவில் நாடாளுமன்றத்துக்கு நடக்கும் 2022 நவம்பர் இடைக்காலத் தேர்தலிலிருந்து 2023 ஏப்ரல் 25-ல் பைடன் மறுபடி நிற்பதாக அறிவித்தது வரை. ஆனால் அந்த இடைக்காலத் தேர்தலில் கட்சி எதிர்பார்த்ததைவிட நன்றாகச் செய்துவிட்டது, செனட்டும் கையில் தங்கியது, எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். அந்த ஐந்து மாதத்தில் பெரிய தலைவர் ஒருவராவது துணிந்திருந்தால் ஜனவரியில் என் சீட்டில் போடத் தகுந்த ஒரு பெயர் இருந்திருக்கும்.