இரவில் இணையம் மந்தமானால் விலை கூடிய திட்டம் உதவுமா?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வசிக்கிறேன். எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) மாணவர்களுக்கு இரவில் கைப்பேசி ஹாட்ஸ்பாட் வழியாக வகுப்பு நடத்துகிறேன். திட்டம் வரம்பற்றது, சிக்னல் கோடுகளும் முழுமையாக உள்ளன. ஆனாலும் எட்டு மணிக்கு மேல் படம் உறைந்துவிடுகிறது. விலை கூடிய திட்டத்துக்கு மாறலாமா?

பதில்: இப்போதைக்கு மாற வேண்டாம். சிக்னல் கோடுகள் கோபுரத்தின் அலை உங்களை எவ்வளவு வலுவாக எட்டுகிறது என்பதை மட்டுமே காட்டும். அதை அந்நேரத்தில் எத்தனை பேர் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்பதைக் காட்டாது. 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள அலைவரிசையில் இயங்கும், கோபுரத்தில் ஒரு திசையை நோக்கிய சாதாரண 4ஜி பிரிவு ஏட்டளவில் வினாடிக்கு 150 மெகாபிட் தரலாம். நடைமுறையில் கிடைப்பது அதைவிட மிகக் குறைவு, அதுவும் அனைவருக்கும் பொது. ஒரு 1080பி யூடியூப் காணொளிக்கே வினாடிக்கு ஏறத்தாழ 5 மெகாபிட் தேவை. மேலும், தொலைவில் பலவீனமான சிக்னலில் இருப்பவருக்கு அதே டேட்டாவை அனுப்பக் கோபுரம் அதிக நேரம் எடுத்துக்கொள்வதால், கோபுரங்கள் தள்ளித் தள்ளி நிற்கும் தோட்டப்புறங்களில் நெரிசல் விரைவில் முற்றுகிறது.

நிறுவனங்கள் விலை வைக்கும் முறையும் இதிலிருந்தே பிறக்கிறது. கட்டமைப்பு முழுவதும் மிக நெரிசலான நேரத்தைக் கணக்கிட்டே எழுப்பப்படுவதால், விடியற்காலை டேட்டாவுக்கு அவர்களுக்குக் கூடுதல் செலவு அநேகமாக இல்லை. எட்டு மணி டேட்டாதான் செலவு பிடிப்பது. எனவே அளவை வரம்பற்றதாக விற்றாலும், பல திட்டங்களில் வேகத்துக்கு உச்சவரம்பும் ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி ஒதுக்கீடும் வைத்து, அவற்றைத் தளர்த்தக் கூடுதல் ரிங்கிட் கேட்கிறார்கள். வணிகமாக இது நியாயமே. ஆனால் ஒதுக்கீடு தீர்ந்தபின் வேகம் எவ்வளவு குறையும் என்பதை விளம்பரத்திலேயே பெரிய எழுத்தில் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே, காலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் கைப்பேசியிலேயே வேகத்தை அளந்து, பின்னர் மடிக்கணினியிலும் அளந்து பாருங்கள். கைப்பேசியில் எப்போதும் ஒரே குறைந்த எண் வந்தால், திட்டத்தின் உச்சவரம்பே காரணமாக இருக்கக்கூடும். கைப்பேசி வேகமாகவும் மடிக்கணினி மட்டும் மந்தமாகவும் இருந்தால், ஹாட்ஸ்பாட் ஒதுக்கீட்டைச் சரிபாருங்கள். இவ்விரண்டுக்கும் திட்டத்தை மாற்றுவது பயன் தரலாம். இரவில் மட்டும் வேகம் சரிந்தால் அது கோபுர நெரிசல். அதற்கு உச்சவரம்பை உயர்த்தும் திட்டம் உதவாது.

அப்படியானால், கைப்பேசியைக் கோபுரம் இருக்கும் பக்கத்துச் சன்னலருகே வையுங்கள். சுவரை எளிதில் ஊடுருவாத, ஆனால் கொள்ளளவு கூடிய உயர் அலைவரிசை அங்கே கிடைக்கக்கூடும். வகுப்பில் உங்கள் முகத்தைக் காட்டும் கேமராவை அணைத்துவிட்டு, வெண்பலகையை மட்டும் பகிருங்கள். வேறு நிறுவனத்தின் ப்ரீபெய்ட் சிம்மை ஒரு வாரம் சோதிப்பதும் மலிவான வழி. தாமானுக்குக் கண்ணாடி இழை இணைப்பு வந்திருந்தால், அன்றாட வகுப்புக்கு அதுவே சிறந்தது. எதுவும் பலிக்காவிட்டால், அளவீடுகளை நேரத்தோடும் இடத்தோடும் குறித்து முதலில் நிறுவனத்திடமும், தீர்வு கிடைக்காதபோது மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்திடமும் புகார் செய்யுங்கள்.