ராத்திரி மக்ரூனும் பகல் ஒருசந்தியும்

அன்புள்ள மேடம்,

எனக்கு 36 வயது. தூத்துக்குடிப் பக்கம் கடலோர ஊர். பள்ளியில் கணக்கு டீச்சர். வீட்டில் கணவர், ஒன்பது வயது மகள், மாமியார். தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கக் குடும்பம்.

விபூதிப் புதன் அன்று நெற்றியில் சாம்பல் பூசியதிலிருந்து ஈஸ்டர் வரை ஒருசந்தி இருப்பேன். காலையில் கட்டங்காப்பி, மதியம் ஒருவேளைச் சோறு, கறி மீன் கிடையாது. பதினாறு வயதில் தொடங்கிய பழக்கம். அதுவரை எங்கள் சொந்தத்தில் எனக்குப் பெயரே ‘குண்டு’தான். அந்த வருடத் தவக்காலம் முடிந்ததும் சித்தி என்னைப் பார்த்து, “இப்பத்தான் பாக்கற மாதிரி இருக்க” என்றார். அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் தவக்காலம் எப்போது வரும் என்று காத்திருப்பேன். ஜெபத்துக்காக இல்லை என்பது எனக்கே தெரியும்.

ராத்திரி எல்லாரும் தூங்கியதும் அடுக்களைக்குப் போவேன். லைட் போடமாட்டேன். விருந்தாளிக்கு வாங்கிவைத்த மக்ரூன், மகளின் பிஸ்கட், தண்ணீர் ஊற்றி வைத்த சோறு என்று கையில் அகப்பட்டதையெல்லாம் வயிறு வலிக்கும்வரை தின்பேன். ருசிகூடத் தெரியாது. போன வாரம் இரண்டு முறை விரலை விட்டு வாந்தி எடுத்தேன். கல்லூரி நாட்களில் இது உண்டு. விட்டுவிட்டேன் என்று நினைத்திருந்தேன்.

பூசைக்குப் போனாலும் நன்மை (நற்கருணை அப்பம்) வாங்குவதில்லை. பாவசங்கீர்த்தனத்தில், அதாவது ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லும்போது, ‘போசனப்பிரியம்’ என்று ஒரு வார்த்தையில் சொல்லி முடித்துவிடுவேன். ஃபாதரும் ஜெபிக்கச் சொல்வார். ஈஸ்டர் வந்தால் பிரியாணியில் ஆரம்பித்து ஒரு வாரம் நிறுத்த முடியாது. இறங்கிய எடை மே மாதத்துக்குள் திரும்பிவிடும்.

போன வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து வீட்டுக்கு வந்ததும் மகள் தட்டைத் தள்ளி வைத்தாள். “நானும் ஒருசந்திம்மா. என் தொப்பையும் குறையணும்லா?” என்றாள். அன்றிரவு நான் தூங்கவில்லை.

நோன்பை விட்டால் ஆண்டவருக்குச் செய்யும் துரோகம் போல இருக்கிறது. விடாவிட்டால் பிள்ளை கெட்டுப்போகும். நான் என்ன செய்யட்டும்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் வாந்தி விஷயம். திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறலாம். அதனால் இந்த வாரமே ஒரு மருத்துவரைப் பார்த்து ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அங்கே போய் ‘அல்சர்’ என்று மழுப்ப வேண்டாம். “சாப்பிட்டுவிட்டு நானே வாந்தி வரவழைக்கிறேன்” என்று இதே சொற்களில் சொல்லுங்கள். மருத்துவர்களுக்கு இது புதிதில்லை. கடிதத்தை வைத்து நோய்க்குப் பெயர் சூட்ட மாட்டேன். ஒரு மனநல மருத்துவரோ உளவியலாளரோ உங்களை நேரில் பார்க்கவேண்டும். யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் அரசின் டெலி மானஸ் எண் 14416-ஐ அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

சரி, ‘போசனப்பிரியம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு வருவோம். 1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் ஒரு ஆய்வைத் தொடங்கினார். 36 இளைஞர்கள், நல்ல ஆரோக்கியம் உள்ளவர்கள். போரில் துப்பாக்கி எடுக்க மறுத்தவர்கள். அவர்களில் பலர் கிறிஸ்தவச் சமாதான சபைகளைச் சேர்ந்தவர்கள். ஆறு மாதம் அவர்களுக்கு வழக்கத்தில் பாதி அளவே உணவு. கொஞ்ச நாளில் அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு பேச்சே இல்லாமல் போனது. சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள், தட்டை நக்கினார்கள். ஆய்வு முடிந்து தாராளமாக உணவு கிடைத்தபோது, வயிறு நிறைந்த பிறகும் சிலருக்கு நிறுத்த முடியவில்லை. கொள்கைக்காக ஊரையே எதிர்த்து நின்றவர்கள் இவர்கள். மனக்கட்டுப்பாடு இல்லாதவர்கள் என்று இவர்களைச் சொல்ல முடியுமா?

இதையே நீங்கள் இருபது வருடமாக உங்களுக்கு நீங்களே செய்துவருகிறீர்கள். பகலெல்லாம் பட்டினி கிடந்த உடம்பு ராத்திரி அடுக்களையைத் தேடிப் போகிறது. மறுநாள் அதற்குத் தண்டனையாக இன்னும் குறைத்துச் சாப்பிடுகிறீர்கள். அடுத்த ராத்திரிக்கான பசி அங்கேயே தயாராகிவிடுகிறது.

“ஜெபத்துக்காக இல்லை” என்ற வரியைப் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். கடிதத்தில் நான் மறுபடி மறுபடி படித்தது அதைத்தான். பதினாறு வயதில் நீங்கள் தொடங்கிய நோன்பை அன்றைக்கு மெச்சியவர் சித்தி. இன்றைக்கும் அவர் சொல்லுக்காகத்தான் அது நடக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். அப்படியானால் அதை விடுவதில் ஆண்டவருக்கு என்ன துரோகம்?

நான் சாமியார் இல்லை. ஆனாலும் உங்கள் திருச்சபையின் பொதுச் சட்டத்தை எடுத்துப் பார்த்தேன். ஒருசந்தி கடமையாவது இரண்டே நாள்: விபூதிப் புதன், பெரிய வெள்ளி. அதுவும் 18 வயது நிறைந்தவர்களுக்கு, 59 வயது நிறையும்வரை. அந்த நாட்களிலும் ஒருவேளை முழுச் சாப்பாடு, காலையிலும் மாலையிலும் கொஞ்சம் உணவு உண்டு. சுத்தபோசனம், அதாவது இறைச்சி தவிர்ப்பது, 14 வயதுக்குப் பிறகுதான். நோயாளிகளுக்குக் கட்டாயமில்லை. இப்போதைக்கு உங்களை நான் நோயாளி என்றே கணக்கில் வைத்திருக்கிறேன். அந்த இரண்டு நாளும் உங்களுக்கு வேண்டாம். பங்குத்தந்தையை ஒரு மாலை நேரில் பார்த்து, ராத்திரி நடப்பதையும் வாந்தியையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஒரு வார்த்தையை மட்டும் கேட்டால் அவரும்தான் என்ன செய்வார்? நன்மை வாங்குவதைப் பற்றியும் அவரிடமே கேளுங்கள்.

புனித பிரான்சிஸ் அசிசியார் பற்றி ஒரு கதை உண்டு. கடும் நோன்பில் இருந்த சகோதரர் ஒருவர் நள்ளிரவில் “பசியில் சாகிறேன்” என்று கத்தினாராம். பிரான்சிஸ் எழுந்து பந்தி போடச் சொன்னார். அந்தச் சகோதரர் தனியாகச் சாப்பிடக் கூச்சப்படுவார் என்று தானும் உட்கார்ந்து சாப்பிட்டார், மற்றவர்களையும் சாப்பிடச் சொன்னார். உங்கள் அடுக்களையில் அந்த நேரத்தில் உங்களோடு உட்கார ஆளில்லை. விளக்குகூட இல்லை.

அதனால் மிச்சமுள்ள வாரங்களுக்கு என் யோசனை இதுதான். மூன்று, நான்கு மணி நேரத்துக்கு மேல் வயிற்றைக் காயப் போடாதீர்கள். காலை இட்லி, பள்ளி இடைவேளையில் சுண்டலோ வாழைப்பழமோ, மதியம் சோறு, சாயங்காலம் காப்பியோடு ஏதாவது, இரவுச் சாப்பாடு. எல்லாம் உட்கார்ந்து, தட்டில், வீட்டில் உள்ளவர்களோடு. மக்ரூனை ஒளித்து வைக்கவேண்டாம். சாயங்காலம் மகளோடு இரண்டு எடுத்துச் சாப்பிடுங்கள். எடை பார்க்கும் மெஷின் கொஞ்ச நாள் பரணில் கிடக்கட்டும்.

ஆரம்பத்தில் ராத்திரி உந்துதல் வரத்தான் செய்யும். வந்தால் லைட்டைப் போட்டு, தட்டில் எடுத்து வைத்து உட்காருங்கள். முடிந்தால் கணவரை எழுப்புங்கள். அவரிடம் காவல் காக்கச் சொல்லவேண்டாம், பக்கத்தில் பத்து நிமிடம் இருந்தால் போதும். அளவு மீறிப்போனாலும் மறுநாள் காலைச் சாப்பாட்டை விடாதீர்கள். எல்லாவற்றிலும் கடினமானது இதுதான். என்னிடம் வருபவர்கள் அதிகம் தடுக்கி விழுவதும் இந்தக் காலைச் சாப்பாட்டில்தான்.

மகளிடம் நீட்டி முழக்க வேண்டாம். “நான் சாப்பிட்ட முறை சரியில்லை, டாக்டரைப் பார்க்கப் போறேன். நீ வளர்ற பிள்ளை, உனக்கு நோன்பு கிடையாது” என்று சொன்னால் போதும். அவளுக்கும் ஏதாவது செய்ய ஆசை இருக்கும். மிட்டாய் வாங்காமல் அந்தக் காசைத் தவக்காலக் காணிக்கையாகச் சேர்க்கும் பேச்சே வேண்டாம், அது திரும்பவும் தீனிக் கணக்கில் வந்து நிற்கும். வாரம் ஒருநாள் தெருவில் தனியாக இருக்கும் பாட்டியிடம் போய்ப் பேசிவிட்டு வரட்டும். இன்னொன்று, ஈஸ்டர் வரை உங்கள் வீட்டில் யாரும் யாருடைய உடம்பையும் பற்றி, இளைத்தாய், பெருத்தாய் என்று வாய் திறக்கக் கூடாது. மாமியாருக்கும் இதே சட்டம்தான். சித்தி வந்தால் அவருக்கும்.

அப்புறம் ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா இரவு. பூசை முடிந்து வீடு திரும்ப ஒரு மணி, இரண்டு மணி ஆகிவிடும். காய்ந்த வயிற்றோடு வந்தால் பழைய கதை அன்றைக்கே ஆரம்பிக்கும். நன்மைக்கு முன் ஒரு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் போதும் என்பதுதான் விதி. எட்டு மணிக்கே நன்றாகச் சாப்பிட்டுவிட்டுக் கோயிலுக்குக் கிளம்புங்கள். மறுநாள் பிரியாணிக்கு முன்னால் காலைச் சாப்பாடும் உண்டு.