27 வருடங்களுக்குப் பிறகு அம்மாவைப் பார்த்தேன், அவர் முகம் மலரவில்லை

கேள்வி: எனக்கு 34 வயது. நான் 7 வயதுக் குழந்தையாக இருந்தபோது அம்மா வீட்டை விட்டுப் போய்விட்டார். ஏதோ மனநோய் என்று கிசுகிசுப்பாகக் கேட்டதுண்டு, அதற்கு மேல் வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை. போன மாதம், ஒரு காப்பகத்தில் இருக்கிறார் என்று தெரிந்து ஓடினேன். மனச்சிதைவு நோய், பல வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார் என்றார்கள். நான் அழுதேன், அவர் அழவில்லை. "நான்தாம்மா உங்க பொண்ணு" என்றேன். "என் பொண்ணு ஸ்கூலுக்குப் போயிருக்கா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கிளம்பும்போது என் சட்டைக் கையில் தொங்கிய ஒரு நூலைப் பிய்த்து எடுத்தார், அவ்வளவுதான். அவருக்கு என் மேல் பாசமே இல்லையா? வீட்டுக்குக் கூட்டி வந்துவிடலாமா? எனக்கும் என் 5 வயது மகனுக்கும் இந்த நோய் வருமா? சொல்லக் கூச்சமாக இருக்கிறது, திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குக் கோபம்தான் வந்தது.

பதில்: அந்த நூலை நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

மனச்சிதைவு என்றதும் காதில் குரல் கேட்பது, யாரோ சதி செய்கிறார்கள் என்று நம்புவது, இவைதான் நினைவுக்கு வரும். மருந்து பெரும்பாலும் இவற்றைத்தான் அடக்குகிறது. ஆனால் இந்த நோய்க்கு ஓசையில்லாத இன்னொரு பக்கம் உண்டு. பேச்சு குறையும், எதிலும் முனைப்பு இருக்காது, முகத்தில் அசைவே இல்லாமல் போகும். இந்தப் பக்கம் மருந்துக்கு அவ்வளவாக மசிவதில்லை. போதாததற்கு, சில மருந்துகளே முகத் தசைகளை இறுக்கி, முகமூடி போட்டதுபோல் ஆக்கிவிடும். மனதைத் தொடும் படக்காட்சிகளைக் காட்டி இவர்களைச் சோதித்த ஆய்வுகள் இருக்கின்றன. பார்ப்பவர்களுக்கு முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் உள்ளே என்ன உணர்ந்தீர்கள் என்று கேட்டால், மற்றவர்கள் சொன்ன அளவுக்கே அவர்களும் சொன்னார்கள். முகம் மலரவில்லை என்பதை மட்டும் வைத்து மனதை அளக்காதீர்கள்.

என்னிடம் வந்துகொண்டிருந்த ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்கிறேன். பல வருடம் கழித்து மகன் அவரைத் தேடி வந்தார். வந்த ஒவ்வொரு தடவையும் அப்பா கேட்டது ஒரே கேள்விதான்: "உனக்கு எத்தனை மணிக்கு பஸ்?" தன்னைத் துரத்துகிறார் என்று மகன் நொந்துபோனார். பிறகு ஒரு செவிலியர் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. மகன் போன பிறகு அந்த மனிதர் சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்துவிடுவாராம், மகன் வீடு போய்ச் சேர்ந்திருப்பான் என்று தோன்றுகிறவரை எழுந்திருக்க மாட்டாராம். உங்கள் அம்மா நூலைப் பிய்த்ததற்கு இதுதான் பொருள் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் பார்த்திருக்கிறார், கை நீட்டியிருக்கிறார். அதை ஒன்றுமில்லை என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை.

"ஸ்கூலுக்குப் போயிருக்கா" என்ற பதில் உங்களைக் குத்தியிருக்கும். யோசித்துப் பாருங்கள், அவர் கடைசியாகப் பார்த்தது 7 வயதுக் குழந்தையை. எதிரே 34 வயதுப் பெண் வந்து அழுதால் இரண்டையும் ஒன்றாக்க யாருக்குமே நேரம் பிடிக்கும். அவருக்கு இன்னும் கூடுதலாகப் பிடிக்கும். அதனால் "நான் யார்னு தெரியுதா?" என்று பரீட்சை வைக்காதீர்கள். போனதும் உங்கள் பெயரை ஒரு முறை நிதானமாகச் சொல்லுங்கள், போதும். சின்ன வயதுப் படம் ஒன்று, பள்ளி முடித்தபோது எடுத்த படம் ஒன்று, இப்போதைய படம் ஒன்று என்று கொண்டுபோய் அவர் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். அவர் பார்க்கலாம், பார்க்காமலும் போகலாம். எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். கட்டிப்பிடிக்கும் முன் கேளுங்கள். நம்ப முடியாத எதையாவது சொன்னால் வாதாட வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம். "அது உங்களுக்குப் பயமா இருக்காம்மா?" என்று அந்த உணர்ச்சியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதல் சில மாதங்களுக்கு அரை மணி நேரம் தாண்ட வேண்டாம். கிளம்பும்போது அடுத்து வரும் நாளை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அந்த நாளில் கட்டாயம் போய்விடுங்கள், முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள். ஒரே நாளில் 27 வருடத்தையும் ஈடுகட்டப் பார்த்தால் இருவருமே களைத்துப்போவீர்கள்.

வீட்டுக்குக் கூட்டி வருவது பற்றி: இப்போதைக்கு வேண்டாம். உங்கள் பாசத்தைச் சந்தேகித்து இதைச் சொல்லவில்லை. 1950களின் பிற்பகுதியில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளரும் சகாக்களும், மருத்துவமனையிலிருந்து வெளியே போன நோயாளிகளைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். பெற்றோரோடும் மனைவியோடும் போய் இருந்தவர்களுக்கு, தனி விடுதியில் தங்கியவர்களைவிட அதிகமாக நோய் திரும்பியது. காரணம் தேடியபோது மூன்று விஷயங்கள் தென்பட்டன: ஓயாமல் குறை சொல்வது, வெறுப்பு, அப்புறம் மிதமிஞ்சிய அக்கறை. இப்படிப்பட்ட சூழலில் வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் நேருக்கு நேர் இருந்தவர்கள்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள் என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. மூன்றாவது விஷயத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். இத்தனை வருட ஏக்கம் மிதமிஞ்சிய அக்கறையாகப் பொங்குவது எளிது. பழகிய கட்டில், பழகிய நேரத்துக்கு மாத்திரை, தெரிந்த முகங்கள், இவற்றின்மேல்தான் உங்கள் அம்மா இன்று நிற்கிறார். ஒரு வருடம் போய் வந்த பிறகு, அவரையும் கேட்டு, மருத்துவரையும் கேட்டு முடிவு செய்யுங்கள். "எனக்கு இங்கேயே சௌகரியம்" என்று அவர் சொன்னாலும் சொல்வார். அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு.

அதுவரை உங்களால் ஆகக்கூடிய வேலை நிறைய இருக்கிறது. அவருடைய மருத்துவரைப் பாருங்கள். அம்மாவின் சம்மதம் இல்லாமல் அவர் எல்லாவற்றையும் சொல்ல மாட்டார், வருத்தப்படாதீர்கள். ஆனால் நீங்கள் அவருக்குச் சொல்லலாம். நோய் எந்த வயதில் தொடங்கியது, பிரசவத்தை ஒட்டி ஏதாவது நடந்ததா, குடும்பத்தில் வேறு யாருக்கு இருந்தது, இதெல்லாம் கோப்பில் இல்லாமல் இருக்கக்கூடும். கைநடுக்கம், ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு, வாயும் நாக்கும் தானாக அசைவது, இவற்றைப் பார்த்தால் சொல்லுங்கள், பக்கவிளைவாக இருக்கலாம். சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயம், பல், கண் எல்லாம் பரிசோதிக்கப்படுகிறதா என்று விசாரியுங்கள். இந்த நோயாளிகளின் ஆயுளைக் குறைப்பதில் இதய நோய்க்குப் பெரிய பங்கு உண்டு, அதைக் கேட்க ஆள் இல்லாததும் ஒரு காரணம். இப்போது நீங்கள் இருக்கிறீர்கள். மருந்தை நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். தூங்காமல் இருந்தாலோ, சாகப்போவதாகச் சொன்னாலோ, ஏதோ ஒரு குரல் கட்டளையிடுகிறது என்றாலோ அன்றே சொல்லிவிடுங்கள்.

உங்களுக்கு வருமா? பொதுவாக வாழ்நாளில் 100 பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு இந்த நோய் வருகிறது. தாய் அல்லது தந்தைக்கு இருந்தால் அது 10 பேர் வரை போகலாம், மற்ற 90 பேருக்கு வருவதில்லை. பெரும்பாலும் பதின்ம வயதின் இறுதியிலிருந்து முப்பதுகளின் தொடக்கத்துக்குள் தொடங்கிவிடும், அந்தக் கட்டத்தில் பெரும்பகுதியை நீங்கள் கடந்துவிட்டீர்கள். மகனுக்கு அபாயம் உங்களைவிடக் குறைவு. வளரும் வயதில் கஞ்சா பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது அபாயத்தைக் கூட்டுகிறது. பாட்டியைப் பற்றி அவனிடம் மறைக்காதீர்கள். வீட்டில் யாரும் வாய் திறக்காமல் இருந்தது என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கோபத்துக்கு வருகிறேன். அது வரும், வரட்டும். காணாமல் போனவரை இறந்தவராகவும் நினைக்க முடியாமல், இருப்பவராகவும் நினைக்க முடியாமல் தவிப்பதை 'தெளிவற்ற இழப்பு' என்பார்கள். பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வைத்த பெயர். நீங்கள் இப்போது அதன் இரண்டாம் பாதியில் இருக்கிறீர்கள். ஆள் கிடைத்துவிட்டார், மனதில் வளர்த்து வைத்திருந்த அம்மா கிடைக்கவில்லை. "ஏன் என்னை விட்டுட்டுப் போனீங்க?" என்ற கேள்வி தொண்டையில் நிற்கும். அதற்கு அவரிடம் பதில் இல்லாமலே போகலாம். அந்தக் கேள்வியை முதலில் உங்களுக்கென்று ஒரு மனநல ஆலோசகரிடம் கொண்டுபோய் இறக்கி வையுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டால் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்த முறை போகும்போது மீண்டும் "என் பொண்ணு ஸ்கூலுக்குப் போயிருக்கா" என்று சொன்னால் திருத்த வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தப் பொண்ணைப் பத்திச் சொல்லுங்கம்மா" என்று கேளுங்கள்.