அப்பாவின் தலையில் துளை போட வேண்டுமா?

கேள்வி: அப்பாவுக்கு 76 வயது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். அதற்கான மாத்திரைகள் சாப்பிடுகிறார். பத்து நாளாக வலது காலை இழுத்து நடக்கிறார், சட்டைப் பொத்தானை மாற்றிப் போடுகிறார். மூளைக்கு இடது பக்கம் பழைய ரத்தம் தேங்கியிருப்பதாக சிடி ஸ்கேனில் தெரிந்தது. தலையில் துளை போட வேண்டுமாம். தாங்குவாரா? மாத்திரையில் கரையாதா? கை வழியாகக் குழாய் விட்டும் சரிசெய்யலாம் என்கிறார்களே? - ஒரு வாசகி

பதில்: ஒன்றிரண்டு மாதம் முன்பு அப்பா எங்காவது தலையை இடித்துக்கொண்டாரா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். பலருக்கு நினைவே இருக்காது. என் மாமனாருக்கும் இல்லை. மூன்று வாரம் அவர் பேச்சுத் தடுமாறியதை 'வயசாச்சு' என்று தள்ளிவிட்டவன் நான். வாசலில் மூளை அறுவை மருத்துவன் என்று பலகை வேறு!

வயதானால் மூளை கொஞ்சம் சுருங்கும். மூளைக்கும் அதன் தடித்த உறைக்கும் நடுவே ஓடும் சிறு சிரைகள் இழுபட்டு நிற்கும். லேசான இடியிலேயே ஒன்று கிழியலாம். முதலில் கசிவது கொஞ்சம்தான். அதைச் சுற்றி உடம்பு ஒரு சவ்வைக் கட்டுகிறது. அந்தச் சவ்வில் முளைக்கும் புது ரத்தக்குழாய்கள் நொய்ந்தவை. அவை கசிந்துகொண்டே இருக்கும். அடிபட்டது ஒரு நாள், பை பெருத்தது பல வாரம்.

துளை என்றதும் மண்டையோட்டைத் திறப்பதாக நினைக்காதீர்கள். சுமார் 14 மில்லிமீட்டர் அகலம், ஒன்றோ இரண்டோ. பலருக்கு அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்தே செய்துவிடலாம். என் மாமனாருக்கு நண்பர் செய்தபோது, "யாருப்பா சுவத்துல டிரில் போடறது?" என்று படுத்தபடியே கேட்டார். வெளியே வந்தது சிவப்பு ரத்தமல்ல. பழைய இன்ஜின் ஆயில் மாதிரி ஒரு திரவம். உப்பு நீரால் கழுவிவிட்டு, மிச்சம் வடிய மெல்லிய குழாய் ஒன்றை இரண்டு நாள் விட்டுவைத்தார். அந்தக் குழாயை அலட்சியமாக நினைக்காதீர்கள். 2009-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், குழாய் வைக்காதவர்களில் 24 சதவீதம் பேருக்கு மறுபடி அறுவை தேவைப்பட்டது, வைத்தவர்களில் 9.3 சதவீதம்தான்.

மாத்திரை? ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்த ஆய்வு 2020-இல் வந்தது. மறு அறுவை குறைந்தது உண்மை. ஆனால் ஆறு மாதம் கழித்து நல்ல நிலையில் இருந்தவர்களும் குறைந்தார்கள். நான் கொடுப்பதில்லை.

கை வழி சிகிச்சை வேறு கதை. மணிக்கட்டிலோ தொடை இடுக்கிலோ உள்ள தமனி வழியாக நுண்குழாயை விட்டு, அந்தச் சவ்வுக்கு ரத்தம் கொடுக்கும் மூளையுறைத் தமனியை அடைத்துவிடுவார்கள். ஊற்றுக்கண்ணை அடைப்பது போலத்தான். 2024-இல் வந்த ஓர் ஆய்வில், அறுவையோடு இதையும் செய்தவர்களில் 4.1 சதவீதம் பேருக்கே மறு அறுவை வந்தது. அறுவை மட்டும் என்றால் 11.3. ஆனால் அடைப்பு மட்டும் செய்தால், தேங்கியது வற்ற வாரக்கணக்கில் ஆகும். உங்கள் அப்பாவுக்குக் காலே இழுக்கிறது. ஆகவே முதலில் துளைதான். மறுபடி தேங்காமலிருக்க அடைப்பும் சேர்த்துச் செய்யலாமா என்று கேளுங்கள்.

ஸ்டென்டில் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை தலையில் கசிவையும் கூட்டலாம். அதற்காக அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். எப்போது நிறுத்தி எப்போது தொடங்குவது என்பதை இதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும். தூக்கக் கலக்கம் கூடினாலோ, வாந்தி எடுத்தாலோ, அறுவைக்குக் கொடுத்த தேதிக்காகக் காத்திராமல் அப்போதே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.