மாலத்தீவில் அலைச்சறுக்கு: பணம் கட்டுவதற்கு முன் எதைக் கேட்க வேண்டும்?

கேள்வி: நானும் என் மைத்துனரும் நான்கு வருடமாக சர்ஃபிங் செய்கிறோம். மாலத்தீவில் தனித்தீவு ரிசார்ட் ஒன்றில் ஜனவரியில் 7 இரவு தங்க ஒரு ஏஜென்ட் கொட்டேஷன் அனுப்பியிருக்கிறார். இருவர் தங்கும் அறைக்கு ஒரு இரவுக்கு 400 டாலர், பக்கத்தில் ‘++’ என்று போட்டிருக்கிறது. கடல் விமானம் தனி; போக வர ஆளுக்கு 450 டாலர். ‘தீவுக்கு எதிரிலேயே அலை’ என்கிறார். இந்த வாரமே முழுப் பணமும் கட்டச் சொல்கிறார். கட்டலாமா?

பதில்: இந்தக் கொட்டேஷனுக்குக் கட்டாதீர்கள். விலையை அப்புறம் பார்க்கலாம், முதல் சிக்கல் மாதத்தில் இருக்கிறது.

மாலத்தீவின் நல்ல அலைகள் அங்கே அடிக்கும் காற்றில் உருவாகிறவை அல்ல. தெற்கே வெகு தூரத்தில், அண்டார்டிகா பக்கத்துக் கடலில் வீசும் புயல்கள் கிளப்பிவிடும் அலை, பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடிவந்து அந்தப் பவளப்பாறையில் மோதி எழுகிறது. அந்தப் புயல்கள் வலுவாக இருப்பது தெற்கின் குளிர்காலத்தில். அதனால் தலைநகர் மாலேவைச் சுற்றியுள்ள தீவுகளில் சர்ஃபிங் சீசன் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. அதே மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று வேறு. வட மாலே பவளத்தீவுக் கூட்டத்தின் பேர்பெற்ற அலைகள் எல்லாம் கிழக்கு விளிம்பில் இருப்பதால், மேற்கிலிருந்து வரும் காற்று அலையின் முகத்தில் எதிராக அடித்து அதை நிமிர்த்திப் பிடிக்கிறது. ஜனவரியில் கதை தலைகீழ். அலை சிறுத்துவிடும், வடகிழக்குக் காற்று அதே விளிம்பின் மேல் வந்து அடிக்கும்.

ஆனால் தேனிலவுக்குப் போகிறவர்களுக்கும் குடும்பமாகப் போகிறவர்களுக்கும் டிசம்பர் முதல் ஏப்ரல் வரைதான் அருமையான காலம். மழை குறைவு, கடல் அமைதி. கிறிஸ்துமஸை ஒட்டி விலை உச்சிக்குப் போகும், அடுத்த சில மாதங்களும் அதிகமாகவே இருக்கும். உங்கள் ஏஜென்ட் எல்லோருக்கும் விற்கிற காலண்டரை உங்களுக்கும் காட்டியிருக்கிறார் என்று நினைக்கிறேன். அலை இல்லாத மாதத்துக்கு அதிக விலை கொடுக்கப் போகிறீர்கள். மே முதல் செப்டம்பருக்குள் ஒரு வாரத்துக்குத் தேதியை மாற்றிக் கேளுங்கள். மழை பெய்யும், சில நாள் வானம் மூடியே கிடக்கும். ஆனால் அறை விலை பெரும்பாலான ரிசார்ட்டுகளில் இறங்கியிருக்கும், அலையும் இருக்கும். ஆண்டின் தொடக்கத்தில்தான் விடுமுறை கிடைக்கும் என்றால், தெற்கே ஹுவது பவளத்தீவுக் கூட்டத்தைப் பாருங்கள். பூமத்திய ரேகைக்கு அருகில் என்பதால் காற்று லேசாக இருக்கும்; பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையும், செப்டம்பர் முதல் நவம்பர் வரையும் அங்கே நல்ல காலம். மாலேயிலிருந்து உள்நாட்டு விமானம், அப்புறம் படகு என்று போக வேண்டும்.

அடுத்தது ‘எதிரிலேயே அலை’. இந்த ஒரு வரியை நம்பி நான் சூடுபட்டிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு ரிசார்ட்டில் இதே வார்த்தையைப் படித்துப் பணம் கட்டினேன். போய் இறங்கிய மாலை, சர்ஃப் கைடு கடலை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, “இது பெரிய அலை வந்தால்தான் உடையும் சார், நாளைக்குத் தோணியில் போகலாம்” என்றார். (உடைவது என்றால் அலை எழுந்து நுரைத்துச் சரிவது, அப்போதுதான் சறுக்க முடியும். அங்கே படகுக்கு நம் காதுக்குப் பழகிய அதே பெயர்தான், தோணி.) மறுநாள் முதல் தினமும் நாற்பது நிமிடம் படகு. நல்ல மனிதர், நல்ல அலைகளுக்குத்தான் கூட்டிப்போனார். கிளம்பும் நாள் காலையில் பில்லைப் பார்த்தால் ஒவ்வொரு படகுப் பயணமும் தனித்தனியாக ஏறியிருந்தது. வாதாட என்னிடம் ஒன்றும் இல்லை. எனக்கு வந்த மெயிலில் ‘எதிரிலேயே அலை’ என்று இருந்ததே தவிர, படகைப் பற்றி ஒரு சொல் கிடையாது.

அதனால் அலையின் பெயரைக் கேளுங்கள். மாலத்தீவில் சர்ஃபிங் செய்யும் ஒவ்வொரு இடத்துக்கும் பெயர் உண்டு: பாஸ்தா பாயிண்ட், சுல்தான்ஸ், ஹாங்கீஸ், ஜெயில்பிரேக்ஸ், கோக்ஸ், சிக்கன்ஸ். பெயர் தெரிந்தால் அது வலப்பக்கம் ஓடும் அலையா இடப்பக்கம் ஓடும் அலையா, தண்ணீர் எவ்வளவு ஆழம், எந்த மாதத்தில் உடையும் என்பதை நீங்களே விசாரித்துக்கொள்ளலாம். பெயர் சொல்லத் தயங்கும் ஏஜென்ட்டிடம் நான் வாங்கமாட்டேன். பெயர் வந்தபிறகு, அந்த அலை அந்தத் தீவில் தங்குபவர்களுக்கு மட்டுமா, எல்லாப் படகும் வருமா என்று கேளுங்கள். பாஸ்தா பாயிண்ட் போன்ற இடத்தில் ரிசார்ட் விருந்தினர் மட்டுமே இறங்கலாம். அதற்கு சர்ஃப் பாஸ் என்று தனிக் கட்டணம் இருக்கும், எண்ணிக்கைக்கு வரம்பும் இருக்கும். அறை புக் ஆகியும் பாஸ் கிடைக்காமல் போக வாய்ப்பு உண்டு. இரண்டையும் ஒன்றாக உறுதி செய்தபிறகே பணம். ஒரு நாளைக்கு எத்தனை படகுப் பயணம் கட்டணத்தில் சேர்த்தி என்பதும் மெயிலில் எழுத்தாக வர வேண்டும். போனில் சொன்னது கணக்கில் வராது.

சரி, இப்போது அந்த ‘++’. பத்து சதவீத சேவைக் கட்டணம் ஒரு பிளஸ். அதையும் சேர்த்த தொகை மீது சுற்றுலா ஜி.எஸ்.டி. இன்னொரு பிளஸ், 2025 ஜூலை முதல் அது 17 சதவீதம். ஆக 28.7 சதவீதம் கூடுகிறது. உங்கள் அறை 7 இரவுக்கு 2,800 டாலர் என்பது 3,603.60 ஆகிவிடும். இதற்கு மேல் அரசின் பசுமை வரி, ரிசார்ட்டில் ஆளுக்கு ஒரு இரவுக்கு 12 டாலர். உங்கள் இருவருக்கும் 168. கடல் விமானம் 900. கூட்டினால் 4,671 டாலர் 60 சென்ட். கடல் விமானக் கட்டணத்துக்கும் வரி உண்டா என்று கேளுங்கள், உண்டென்றால் இன்னும் ஏறும். சர்ஃப் பாஸ், படகு, சாப்பாடு எதுவும் இதில் இல்லை. சாப்பாட்டை லேசாக விடாதீர்கள்: தனித்தீவில் வேறு கடை கிடையாது. காலை உணவு மட்டும் சேர்த்தி என்றால் மதியமும் இரவும் அவர்கள் வைத்த விலைதான்.

இன்னொன்று, கடல் விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். உங்கள் சர்வதேச விமானம் மாலே வந்து சேர மாலையாகிவிட்டால் அன்றிரவு விமான நிலையத்தை ஒட்டிய ஹுல்ஹுமாலேயில் அறை எடுத்துத் தங்க வேண்டும், அந்தச் செலவு உங்களுடையது. விமான டிக்கெட்டைக் கடைசியாக வாங்குங்கள்.

முழுப் பணத்தையும் இந்த வாரமே கட்டச் சொல்வதற்கு நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ரத்து விதிகளை எழுத்தில் வாங்கி, முன்பணம் மட்டும் கட்டுங்கள். கிரெடிட் கார்டில் கட்டுங்கள். பொருளோ சேவையோ வந்து சேராவிட்டால் கார்டு கொடுத்த வங்கியிடம் எழுதி முறையிட ஒரு வழி இருக்கிறது. நேரடியாக வங்கிக் கணக்குக்கு அனுப்பினால் அந்த வழி அடைபட்டுவிடும்.

கேள்வி: போர்டைக் கொண்டுபோவதா, அங்கேயே வாடகைக்கு எடுப்பதா? போன முறை விமானத்தில் என் போர்டின் வால் உடைந்துவிட்டது, ஒரு பைசா நஷ்டஈடு கிடைக்கவில்லை.

பதில்: எத்தனை விமானம் மாறுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஸ்பீட்போட்டில் போகும் தீவு என்றால் சொந்த போர்டு கொண்டுபோங்கள். கடல் விமானம், சிறிய உள்நாட்டு விமானம் என்றால் நீளத்துக்கும் எடைக்கும் வரம்பு உண்டு. போர்டு அடுத்த விமானத்தில் வரலாம், ஏற்றாமலே போகலாம். உங்கள் போர்டின் நீளத்தைச் சொல்லி, ஏற்றுவோம் என்று பதில் வாங்கிவிட்டுக் கிளம்புங்கள். வாடகைக்கு எடுப்பதென்றால் உங்கள் அளவில் போர்டு இருக்கிறதா, உடைந்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். பவளப்பாறையில் போர்டு உடைவது சகஜம்.

நஷ்டஈடு கிடைக்காததற்குக் காரணம், அநேகமாக நீங்கள் பையை வீட்டுக்கு வந்து பிரித்ததுதான். போர்டின் அடியில் இருக்கும் துடுப்புகளை (ஃபின்) கழற்றி, மூக்கிலும் வாலிலும் துண்டைச் சுற்றி, பையை மூடுவதற்கு முன் போர்டைப் போட்டோ எடுங்கள். இறங்கியதும், விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன், பெட்டிகள் வரும் பட்டைக்குப் பக்கத்திலேயே பையைத் திறந்து பாருங்கள். கீறலோ உடைவோ இருந்தால் அங்கேயே விமான நிறுவனக் கவுன்டரில் புகார் எழுதிக் கொடுத்து நகல் வாங்குங்கள். சர்வதேசப் பயணத்தில் சேதமான பெட்டிக்கு, கையில் கிடைத்த நாளிலிருந்து 7 நாளுக்குள் எழுத்துப் புகார் போயிருக்க வேண்டும் என்பது, விமான நிறுவனங்களின் பொறுப்பை வகுக்கும் மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் விதி. எட்டாம் நாள் போனால் வழக்கு நிற்காது.

கேள்வி: ஏழு நாளில் மூன்று நாள் ‘வானிலை சரியில்லை’ என்று படகே எடுக்கவில்லை. பணம் திரும்பக் கேட்டால், அலைக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்கிறார்கள்.

பதில்: அலை வராததற்குக் கேட்க முடியாது, அதில் அவர்கள் சொல்வது சரி. நீங்கள் கேட்க வேண்டியது, பணம் வாங்கிக்கொண்டு கொடுக்காத படகுப் பயணத்துக்கான தொகை. இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்துவிட்டால் அவர்கள் முதலாவதற்கு மட்டும் பதில் சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். எந்தெந்தத் தேதி, எத்தனை பயணம் என்று மட்டும் எழுதுங்கள். அந்த நாட்களில் மற்ற படகுகள் போயிருந்தால், அல்லது டைவிங் படகு போயிருந்தால், அதையும் குறிப்பிடுங்கள். கடல் உண்மையிலேயே கொந்தளிப்பாக இருந்திருந்தால் கேப்டன் எடுத்த முடிவை மதியுங்கள். அப்போதும் பயன்படுத்தாத பயணத்தின் பணம் யாருக்கு என்பதை உங்கள் புக்கிங் விதிகள்தான் சொல்லும்.

கேள்வி: ரிசார்ட்டுக்கு வசதி இல்லை. மாலத்தீவில் சர்ஃபிங் செய்ய வேறு வழியே கிடையாதா? என் மனைவி இப்போதுதான் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறார்.

பதில்: தாராளமாக இருக்கிறது. மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் விடுதிகள் உண்டு. துலுஸ்தூ என்ற தீவில் தங்கினால் கோக்ஸ் கரைக்கு எதிரிலேயே. அங்கே கோகோ கோலா தொழிற்சாலை இருப்பதால் அந்தப் பெயர். பவளத்திட்டுகளுக்கு இடையே ஓடும் கடல்வழிக்கு அந்தப் பக்கம் சிக்கன்ஸ். மாலேயிலிருந்து ஸ்பீட்போட்டில் போய்விடலாம், சிறிய விடுதியில் பசுமை வரியும் 6 டாலர்தான். மது கிடையாது. நீச்சல் உடை அதற்கென்று ஒதுக்கிய கடற்கரையில் மட்டும்.

உங்கள் மனைவி விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன்: கோக்ஸில் கற்றுக்கொள்ள வேண்டாம். அடியில் மணல் இல்லை, பவளம். விழுந்தால் காலும் முதுகும் கிழியும், அந்தக் காயம் ஈரத்தில் சீக்கிரம் சீழ் பிடிக்கும். மணல் தரையுள்ள கடற்கரையில் பலகைமேல் நிற்கப் பழகி, பலகையைத் திருப்பவும் தெரிந்தபிறகு கூட்டிப்போங்கள். இருவருக்கும் பயணக் காப்பீடு எடுக்கும்போது சர்ஃபிங் அதில் சேர்த்தியா என்று பாலிசியில் தேடிப் பாருங்கள். பல பாலிசிகள் சாகச விளையாட்டு என்று அதைத் தள்ளிவைக்கும். தீவிலிருந்து மாலே மருத்துவமனைக்கு அவசரமாகக் கொண்டுபோகும் செலவும் சேர்ந்திருக்க வேண்டும். அப்புறம், அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். வெள்ளிக்கிழமை ஊர் திரும்புவதாக இருந்தால் படகு நேரத்தை விடுதியில் முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.