விரதம் முடிந்த மறுநாள்

கேள்வி: ஐயா, எனக்கு 41 வயது. வீடு பிறையில், வேலை பயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில். நாலு வருடமாகப் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுக்கிறேன். ஒவ்வொரு வருடமும் 48 நாள் விரதம். அந்த 48 நாளும் சிகரெட்டைத் தொடுவதில்லை, நினைப்புகூட அவ்வளவாக வருவதில்லை. ஆனால் தைப்பூசம் முடிந்து வேலைக்குப் போன முதல் நாளே பழையபடி ஆரம்பித்துவிடுகிறது. வேலையிடத்துப் பின்கேட்டில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியதும் கூட்டாளி பாக்கெட்டை நீட்டி, “விரதம்தான் முடிஞ்சிருச்சே” என்கிறான், நானும் வாங்கிவிடுகிறேன். வீட்டுக்கு வந்தால் மனைவி அந்தச் சாம்பல் கிண்ணத்தைக் கழுவி வாசல் பெஞ்சில் பழைய இடத்திலேயே வைத்திருக்கிறாள். சாமிக்காக விட முடிகிறது, எனக்காக விட முடியவில்லையே, எனக்கு மன உறுதி இல்லையா? “தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்” என்று மனைவி வேறு சொல்கிறாள். – வாசகர், பிறை

பதில்: தம்பி, 48 நாள் மீன், இறைச்சி தொடாமல், தரையில் படுத்து எழுந்து, கடைசியில் பால்குடத்தோடு 513 படி ஏறிய ஆளுக்கு மன உறுதி இல்லை என்றால் எங்களையெல்லாம் என்னவென்று சொல்வது? சிகரெட் ஒன்றும் தொட்டிலில் வந்த பழக்கமும் இல்லை. அதை வீட்டில் சொல்லிப் பாருங்கள், நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த வரி ‘நினைப்புகூட அவ்வளவாக வருவதில்லை’ என்பது. ஏன் வருவதில்லை? கழுத்தில் மாலை கிடக்கிற ஆளிடம் எவனும் பாக்கெட்டை நீட்ட மாட்டான். வீட்டுச் சாப்பாடு மட்டும்தான் என்பதால் மாமாக் சாப்பாட்டுக் கடைப் பக்கம் போவதில்லை, தேத்தண்ணியோடு சேர்ந்து வரும் அந்த ஒன்று அதிலேயே போய்விடுகிறது. சாயங்காலம் கோயில், ராத்திரி சீக்கிரம் படுக்கை, சாம்பல் கிண்ணம் ஸ்டோரில். ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு மறுத்தேன் என்று நீங்கள் எழுதவே இல்லை, மறுக்க வேண்டிய சந்தர்ப்பமே வரவில்லை. 49-ஆம் நாள் என்ன ஆகிறது? மாலை கழன்றது, கிண்ணம் வெளியே வந்தது, மோட்டார் அதே பின்கேட்டில் நின்றது. மாறாமல் இருந்தது நீங்கள் ஒருவர்தான், உங்களைச் சுற்றி எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நிக்கோட்டினை விட்டால் உடம்பு படும் பாடு, அந்த எரிச்சல், தூக்கமின்மை, பதற்றம் எல்லாம், முதல் சில நாட்களில்தான் ரொம்ப மோசம். பெரும்பாலானவர்களுக்கு மூன்று நாலு வாரத்தில் நன்றாகவே தணிந்துவிடும். அப்படியென்றால் நீங்கள் மலையிறங்கும்போது உடம்பின் பாதி சண்டை முடிந்துவிட்டது, அதுவும் நாலு வருடமாக வருடம் தவறாமல்! பிடித்து இழுத்தது பின்கேட்டுதான்.

இடத்துக்கு இவ்வளவு பலமா என்று கேட்பீர்கள். வியட்நாம் போரிலிருந்து 1971-ல் ஊர் திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் அம்மையார் தேடிப்பிடித்து விசாரித்தார். அங்கே இருந்தபோது ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஹெராயின் மாதிரியான போதைக்கு அடிமையாக இருந்திருக்கிறார்கள். ஊருக்கு வந்த முதல் வருடத்தில் அவர்களில் மறுபடி அடிமையானவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்தான். காரணம் ஒன்றே ஒன்று என்று சொல்லிவிட முடியாது, ஆனாலும் அந்தப் பாசறை, அந்தப் பயம், அந்தக் கூட்டாளிகள் இல்லாத வேறொரு நாளுக்குள் அவர்கள் வந்துவிட்டார்கள் என்பதும் அதில் இருக்கிறது. உங்களுக்கு நேர்மாறு. வேறொரு நாளுக்குள் 48 நாள் இருந்துவிட்டுப் பழைய நாளுக்கே திரும்புகிறீர்கள்.

சரி, அடுத்த தைப்பூசம் வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. நான் 19 வருடம் ஊதியவன், செய்ததைச் சொல்கிறேன். மோட்டாரை முன்கேட்டில் நிறுத்த ஆரம்பித்தேன். அங்கிருந்து என் மெஷினுக்கு நாலு நிமிடம் கூடுதல் நடை, மழை நாளில் திட்டிக்கொண்டே நடந்திருக்கிறேன். வழக்கமான கோப்பிக் கடைக்கு மூன்று மாதம் போகவில்லை. மறுபடி போனபோது வேறு மேசை, வேறு நாற்காலி, கோப்பி ஓவுக்குப் (பாலில்லாத கோப்பி) பதிலாக தே ஓ (பாலில்லாத தேத்தண்ணி). கேட்கச் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும், ஆனால் கோப்பி ஓ வாசனை மூக்கில் ஏறினால் என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும், அதை எப்படி அறிவுரை சொல்லித் திருத்துவது? கூட்டாளிகளிடம் ‘விட்டுட்டேன்’ என்று பெரிதாகச் சொல்லவில்லை, ‘என்கிட்ட நீட்டாதே’ என்று மட்டும் சொன்னேன். முதலாவதைச் சொன்னால் பந்தயம் கட்டுவான்கள். (2019 ஜனவரி முதல் மலேசியாவில் சாப்பாட்டுக் கடைகளில் புகைக்கக் கூடாது, மூன்று மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று சட்டம் வந்ததே, அது எனக்குப் பத்து வருடம் முன்னாலேயே வந்திருக்கக் கூடாதா என்று நினைப்பேன்.)

விரதத்தில் ஒரு சிக்கலும் இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். விரதம் ஒரு முறை முறிந்தால் முறிந்ததுதான், தீட்டு. அதே கணக்கை இங்கேயும் வைத்துக்கொண்டால், ஒன்று பிடித்த அன்றே ‘எல்லாம் போச்சு’ என்று முழுப் பாக்கெட்டையும் காலி செய்யத் தோன்றும். விட்ட ஐந்தாவது மாதம் ஓர் இழவு வீட்டில், ராத்திரி இரண்டு மணிக்கு, கூடாரத்துக்கு வெளியே நின்று இரண்டு சிகரெட் பிடித்தேன். விடிந்ததும் பல் தேய்த்துவிட்டு முந்தின நாள் மாதிரியே முன்கேட்டு வழியாக வேலைக்குப் போனேன். அதற்குப் பரிகாரம் எதுவும் செய்யவில்லை. மூன்றாவது சிகரெட் இன்றுவரை வரவில்லை.

தனியாகத்தான் போராட வேண்டும் என்றும் இல்லை. அரசாங்க கிளினிக்குகளில் புகைப்பதை நிறுத்த உதவுகிறார்கள், பேசுவார்கள், தேவைப்பட்டால் நிக்கோட்டின் சூயிங்கம், ஒட்டுப்பட்டை மாதிரி மருந்துகளும் உண்டு, பக்கத்து கிளினிக்கில் கேளுங்கள். அதற்கு முன்னால், இன்றைக்கே, அந்தச் சாம்பல் கிண்ணம். ஸ்டோரில்கூட வேண்டாம், குப்பையில் போடச் சொல்லுங்கள். அதைக் கழுவி வைக்கிற வேலை மிச்சம் என்றால் உங்கள் வீட்டம்மா மறுக்கவா போகிறார்?

கேள்வி: 21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று எங்கள் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் அடிக்கடி வருகிறது. நான் தினமும் சாயங்காலம் நடக்க ஆரம்பித்து 15 நாள் போனேன், 16-ஆம் நாள் மழை. மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டுமா? – கல்லூரி மாணவி, ஜெலுத்தோங்

பதில்: எண்ண வேண்டாம் அம்மா. அந்த 21 எங்கிருந்து வந்தது தெரியுமா? மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டறுவை (பிளாஸ்டிக் சர்ஜரி) மருத்துவர் 1960-ல் எழுதியது. தன் நோயாளிகளுக்கு மாறிய முகம் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்றார். ‘குறைந்தது’ வழியில் எங்கோ விழுந்துவிட்டது, முகமும் விழுந்துவிட்டது, 21 மட்டும் உங்கள் புலனக் குழு வரை வந்து சேர்ந்திருக்கிறது.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் மற்றவர்களும் 96 பேரை வைத்து 12 வாரம் பார்த்தார்கள். மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் 15 நிமிட ஓட்டம் என்று ஆளுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தினமும் செய்தார்கள். யோசிக்காமல் தானாகச் செய்கிற நிலைக்கு வர எத்தனை நாள் ஆகும் என்று அந்த 12 வார விவரத்தை வைத்து மதிப்பிட்டதில் ஒருவருக்கு 18 நாள், இன்னொருவருக்கு 254 நாள், நடுவில் 66. உடற்பயிற்சிதான் மெதுவாகப் பழகியது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிதாக ஒன்றும் கெடுக்கவில்லை.

ஆனால் பினாங்கில் இருந்துகொண்டு சாயங்கால நடைக்கு மழையை யோசிக்காமல் விட்டீர்களே! மழை வந்தால் என்ன செய்வது என்று மழை வராத அன்றே முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். பிளாட்டில் இருந்தால் படிக்கட்டு இருக்கிறது, பத்து மாடி ஏறி இறங்குங்கள். பெய்யத் தொடங்கிய பிறகு யோசித்தால் பஜ்ஜிதான் ஞாபகத்துக்கு வரும்.

கேள்வி: பணி ஓய்வு பெற்றவன். ஒரு நாளைக்கு நாலு தே தாரிக் (கெட்டிப் பால் ஊற்றி ஆற்றிய தேத்தண்ணி). இரத்தத்தில் சீனி கூடியிருக்கிறது என்று டாக்டர் எச்சரித்துவிட்டார். ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வருகிறது. – ஆயர் ஈத்தாம்

பதில்: அண்ணே, அந்தத் தலைவலி பெரும்பாலும் தேயிலைக்காக இருக்கும், சீனிக்காக இருக்காது. ஆகவே தேத்தண்ணியை நிறுத்தாதீர்கள், கெட்டிப் பாலைக் குறையுங்கள். இரண்டு வாரம் நாலுமே ‘கூராங் மானிஸ்’, இனிப்புக் குறைவாக. அப்புறம் இரண்டை ‘தே ஓ கோசோங்’ ஆக்குங்கள், பாலும் இல்லை சீனியும் இல்லை. நாக்கு முதலில் முரண்டு பிடிக்கும், பிறகு பழைய தே தாரிக்கைக் குடித்தால் பாயசம் மாதிரித் தெரியும். 2023 சுகாதாரக் கணக்கெடுப்பில் நம் நாட்டுப் பெரியவர்களில் நூற்றுக்கு 15.6 பேருக்கு நீரிழிவு என்று வந்திருக்கிறது, உங்கள் மேசையில் ஆறு பேர் உட்கார்ந்தால் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் ஒரு தடவை சொல்லி வைத்துவிட்டால் போதும், தினமும் நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. டாக்டர் குறித்த நாளில் இரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.

கேள்வி: காலை ஐந்து மணிக்கு எழ வேண்டும் என்று மூன்று அலாரம் வைத்தும் முடியவில்லை. என்ன செய்யலாம்? – பட்டர்வொர்த்

பதில்: எழும் நேரத்தை எழுதியிருக்கிறீர்கள், அலாரத்தின் எண்ணிக்கையையும் எழுதியிருக்கிறீர்கள். படுக்கிற நேரத்தைக் காணோம். எழுதி அனுப்புங்கள், அடுத்த மாதம் பதில் சொல்கிறேன்.