சரக்கு ஏற்றினால் மூக்கு ஏன் உயர்கிறது?

கேள்வி: நான்கு மோட்டார் கொண்ட நுரைப்பொருளால் செய்த பெரிய மாதிரி சரக்கு விமானம் ஒன்றை ரேடியோ கட்டுப்பாட்டில் பறக்கவிடுகிறேன். வெறுமையாக ஒழுங்காகப் பறக்கும் அது, உள்ளே சிறு எடையை வைத்ததும் மூக்கைத் தூக்கித் தடுமாறுகிறது. மோட்டாரின் ஆற்றல் போதவில்லையா?

பதில்: மோட்டாரின் மீது பழி போட வேண்டாம், எடை வைத்த இடத்தைப் பாருங்கள். பின்கதவு வழியே நுழைத்த எடையை அங்கேயே விட்டுவிட்டால் ஈர்ப்பு மையம் பின்னோக்கி நகர்ந்து, எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பகுதியை) சற்றே அசைத்தாலும் விமானம் மிகையாகத் துள்ளும். கையேட்டில் குறித்த இடமே முதன்மையானது. குறிப்பு இல்லையெனில், நேர் இறக்கைக்கு முன்விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தின் (முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் இடையேயான தூரத்தின்) 25 முதல் 30 விழுக்காட்டுக்குள் மையம் அமையுமாறு, பேட்டரியையும் சரக்கையும் வைத்த பின்னரே சமன் பாருங்கள். சரக்கை அம்மையத்தின் நேர்கீழே இறுகக் கட்டுங்கள்; ஏறும்போது பின்னால் வழுக்கும் எடையைவிட ஆபத்தானது வேறில்லை.

எடை 20 விழுக்காடு கூடினால், இறக்கை தூக்குவிசையை இழக்கும் வேகமும் ஏறத்தாழ 10 விழுக்காடு கூடும். பெரிய விமானம் கண்ணுக்கு மெதுவாகச் செல்வதுபோலவே தோன்றும், அதுவும் தரையிறங்கும்போது நம்மை ஏமாற்றும் என்பதால், தரையைத் தொடும் வரை சிறிது திராட்டிலை (மோட்டாரின் விசையை) விட்டுவைப்பதே என் வழக்கம். ஃபிளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் கீழிறங்கும் மடலை) முதன்முறை இறக்குவதைப் போதிய உயரத்தில் செய்து பாருங்கள்; அப்போதும் மூக்கு உயரக்கூடும்.